மூன்று மணிக்குத் திறக்கும் கதவு

அவளுக்கு முறையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஐந்து வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டு, உள்ளே யார் நடக்கிறார்கள் என்று தேடிய நாளிலிருந்து அவள் துருவிதான். கல்யாணமாகி வந்தபோது அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் வந்து புகுந்த வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு விஷயம் தெரியாமல் இருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று மீசையை எடுத்தால், ஏன் எடுத்தார் என்று கண்டுபிடிக்கும்வரை அவளுக்குத்தான் முகம் அரிக்கும். இப்படிப்பட்டவளுக்கு மென்பொருள் நிறுவனத்தில் பிழை கண்டுபிடிக்கிற வேலை கிடைத்ததில் ஆச்சரியமில்லை. வீட்டில் செய்ததையே அங்கே சம்பளத்துக்குச் செய்தாள்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மறுபடி படிக்கக் கிளம்பினாள். சனிக்கிழமை காலைகளில் வகுப்பு. கணினிப் பாதுகாப்பு வேலையில் வருகிற தர்மசங்கடங்கள்தான் பாடம்.

"தர்மசங்கடத்துக்கு ஒரு படிப்பா? நம்ம வீட்டிலேயே இலவசமா கிடைக்குமே" என்றார் மாமனார். நிலம் அளக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சிரிக்காமல் பேசுவார்.

பாடம் நடத்தியவள் துருவியைவிடப் பத்து வயது சின்னவள். வங்கிகளே கூலி கொடுத்துத் தங்கள் கணினிகளை உடைத்துப் பார்க்கச் சொல்லும் வேலையில் இருந்தவள். முதல் வகுப்பில் பலகையில் ஒரு கதவை வரைந்தாள்.

"இந்தக் கதவு பூட்டலைன்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"தள்ளிப் பார்த்தேன்" என்றார் ஆஸ்பத்திரி எந்திரங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர்.

"தள்ளினது சரியா?"

அரை மணி நேரம் வகுப்பு இரண்டுபட்டது. தள்ளாமல் எப்படித் தெரியும் என்றது ஒரு பக்கம். அடுத்தவன் கதவில் உனக்கென்ன வேலை என்றது இன்னொரு பக்கம். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னாள்.

"சரி, தள்ளியாச்சு. திறந்திருக்குன்னு தெரிஞ்சும் போச்சு. அதுக்கப்புறம் உள்ள எடுத்து வைக்கிற முதல் அடி இருக்கே, அது யாருக்காக?"

துருவிக்குக் கேள்வி பிடித்திருந்தது. கேள்வி தன்னைப் பற்றியது என்று மட்டும் அப்போது தோன்றவில்லை.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் அந்த வருஷம்தான் எல்லாக் கதவுகளுக்கும் புதுப்பூட்டு போட்டிருந்தார்கள். சாவி கிடையாது. கைபேசியைக் காட்டினால் திறக்கும். உள்ளிருந்து போகும்போது கைப்பிடியைத் திருகினால் போதும். வெளியிலிருந்து திறக்கும் ஒவ்வொரு முறையும், எப்போது, யாருடைய கைபேசி என்று பதிவாகும். அவரவர் வீட்டுப் பதிவை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் இதைக் கூட்டத்தில் விளக்கியபோது, தானே உட்கார்ந்து இரவு பகலாகக் கண்டுபிடித்ததுபோல் விளக்கினார்.

வாரத்தில் பாதி நாள் துருவி வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஒரு மத்தியானம் அலுவலகக் கூட்டம் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எதையோ மூன்றாவது தடவையாக விளக்கினார்கள். அவள் பூட்டுக் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். மேலே இருந்த முகவரியின் கடைசியில் அவர்கள் வீட்டு எண் அப்படியே நின்றது. அதை அழித்துவிட்டு வேறு எண்ணைப் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. இருக்காதா பின்னே.

ஒழுங்காகச் செய்வதென்றால் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர் வீட்டு எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கலாம். அது அவளுக்குத் தெரியும். ஆனால் விரல் நானூற்றிரண்டு என்று அடித்தது. அவர்களுக்கு நேர் மேல்வீடு அது. சொந்தக்காரர் வெளிநாட்டில். வருஷக்கணக்கில் திரைச்சீலைகூட அசையாத வீடு. காலி வீட்டைப் பார்ப்பதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

அந்த வீட்டின் பதிவு அப்படியே திறந்தது. ஓட்டை இருப்பது உறுதியாகிவிட்டது. இத்தோடு மூடியிருந்தால் அவளுக்குப் பாடத்தில் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும், நமக்குக் கதை கிடைத்திருக்காது.

அவள் மூடவில்லை. ஏனென்றால் அந்தக் காலி வீடு தினமும் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சனி, ஞாயிறு தவிர எல்லா நாளும், மத்தியானம் மூன்று மணிக்கு. திறந்த கைபேசி மாமனாருடையது.

அவர் கைபேசி அந்த வீட்டைத் திறக்கும் என்பது ரகசியமில்லை. குழாய்கள் துருப்பிடிக்காமல் இருக்க வாரத்துக்கு ஒரு முறை தண்ணீரைத் திறந்துவிடும்படி வீட்டுக்காரர் கேட்டு, அவர் கைபேசிக்கு அனுமதி கொடுத்திருந்தார். வாரத்துக்கு ஒரு முறை சரி. தினமும் எதற்கு? அதுவும் மூன்று மணிக்கு. மூன்று மணிக்கு மாமா குடையை எடுத்துக்கொண்டு நடக்கப் போவதாகத்தானே பேர். சர்க்கரைக்காக மருத்துவர் நடக்கச் சொன்னார், ஒரு நாள் தவறியதில்லை. அந்த நேரத்தில் கூப்பிட்டால் போனை எடுக்கவே மாட்டார். காது மந்தம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

காது மந்தமா, கள்ளத்தனமா என்று துருவிக்கு இப்போது சந்தேகம் வந்தது.

அடுத்த ஒரு வாரம் அவள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவுமில்லை. தினமும் மூன்று மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தாள். துவைக்கப் போடும்போது மாமாவின் சட்டையை முகர்ந்து பார்த்தாள். சிகரெட்டா? சீட்டாட்டமா? அதற்கு மேலும் யோசித்து, சீச்சீ என்று நிறுத்தினாள். நிறுத்தி, பிறகு மறுபடி யோசித்தாள்.

"இன்னைக்கு நடை எப்படி மாமா?"

"நடந்தே போச்சும்மா" என்றார் அவர், முகத்தில் ஒன்றும் தெரியாமல். என்ன நடிப்பு என்று வியந்தாள்.

மாமியாரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. அத்தை முப்பது வருஷம் டெலிபோன் இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். மூன்று மணிக்குத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் நாலரை வரை தூக்கம். கூரையே விழுந்தாலும் அந்தக் கதவைத் தட்டக் கூடாது என்பது வீட்டின் எழுதாத சட்டம். இவர் இங்கே தூங்க, அவர் அங்கே என்ன செய்கிறாரோ.

அடுத்த சனிக்கிழமை, "இந்த வாரம் யாராவது கதவைப் பார்த்தீங்களா?" என்று ஆசிரியை கேட்டபோது, துருவி குனிந்து பேனாவின் மூடியைத் தேடினாள். ஓட்டையைக் கண்ட அன்றே சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் மாடியில் இரண்டு பெண்கள் தனியாகத் தங்கி நர்சிங் படித்தார்கள். அவர்கள் எப்போது வருகிறார்கள் என்பதை, எண்ணை மாற்றத் தெரிந்த எவனும் பார்க்கலாம். அது அவளுக்கு நன்றாகவே உறைத்தது. ஆனால் சொன்னால் ஓட்டையை அடைத்துவிடுவார்கள். அடைத்துவிட்டால் மாமா என்ன செய்கிறார் என்பது தெரியாமலே போய்விடும். அந்த இரண்டு பெண்களின் பாதுகாப்பையும் தன் அரிப்பையும் தராசில் வைத்து, ஒரு வாரமாக அரிப்பின் பக்கமே முள்ளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதை அவள் ஒரு வழியாகத் தனக்கே ஒப்புக்கொண்டது திங்கட்கிழமை. இன்றைக்கு ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிப் போட்டுவிடுவது என்று, குடியை விடுகிறவர்கள் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டாள். மூன்று மணிக்குக் கையில் கைபேசியோடு பால்கனியில் வந்து நின்றாள்.

கீழே கருப்புக் குடை வாசலைத் தாண்டியது. மருந்துக் கடை முனையில் திரும்பியது. குடைக்குக் கீழே மாமா, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, நிலத்தை அளப்பதுபோல் கால் வைத்து நடந்துகொண்டிருந்தார்.

அவள் கைபேசியைப் பார்த்தாள். நானூற்றிரண்டு இப்போதுதான் திறக்கப்பட்டிருந்தது. மாமாவின் கைபேசியால்.

மறுபடி தெருவைப் பார்த்தாள். குடை போய்க்கொண்டுதான் இருந்தது.

அப்படியானால் மாமா உண்மையாகவே தினமும் நடக்கத்தான் போகிறார். ஒரு வாரம் ஒரு நல்ல மனிதரின் சட்டையை முகர்ந்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. அடுத்த நொடி பயம் வந்தது. அவர் கைபேசி யார் கையில் இருக்கிறது? திருடனா? அத்தையை எழுப்பலாமா என்று அறைக்கதவு வரை போனாள். சட்டம் நினைவுக்கு வந்தது. செருப்புகூடப் போடாமல் ஒரு மாடி ஏறி, நானூற்றிரண்டின் அழைப்பு மணியை அழுத்தினாள்.

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு கதவு திறந்தது. மாமாவின் கைபேசியைப் பிடித்துக்கொண்டு, அத்தை நின்றார்.

கொண்டையை அவிழ்த்துப் போட்டிருந்தார். அவர் தலைமுடியை அவிழ்த்து அவள் பார்த்ததே இல்லை. பின்னால் கூடத்தில் நாற்காலிகளெல்லாம் வெள்ளைத் துணிக்கடியில் இருந்தன. ஒன்றிலிருந்து மட்டும் துணியை எடுத்து, ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தது. புத்தகம், டிவி, தையல், எதுவும் இல்லை.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார் அத்தை.

"இல்லத்தை."

"அப்போ நான் இங்க இருக்கேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

ஏன் வந்தாய் என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இந்தக் கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு பதிலே இல்லை. துருவி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணை மாற்றியது, பதிவு தெரிந்தது, மாமாவைச் சந்தேகப்பட்டது. சட்டையை முகர்ந்ததையும் சொன்னாள். அந்த இடத்தில் மட்டும் அத்தையின் உதடு லேசாகக் கோணியது.

"அவரையா?" என்றார். "போனைச் சார்ஜ்ல போட்டா அது எங்க இருக்குன்னு ராத்திரிதான் அவருக்கு ஞாபகம் வரும். எடுத்துட்டுப் போங்கன்னா, 'டாக்டர் என்னைத்தான் நடக்கச் சொன்னார், போனை இல்ல'ன்னு சொல்வார்."

உள்ளே வரும்படி சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

"குழாயைத் திறந்து விடச் சொல்லி அவர்தான் என்னை அனுப்பினார், மாடியேறச் சோம்பேறித்தனம். தண்ணி ஓடற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். குழாயை மூடினதும் ஒரு சத்தம் இல்ல. முப்பது வருஷம் ரெண்டு காதுலயும் ஊர்ப் பேச்சு. வீட்டுக்கு வந்தா உங்க மாமாவோட செய்தி, உன் புருஷனோட மேட்ச், உன்னோட மீட்டிங். ரூமைச் சாத்தினாலும் கேக்குது. யாரையும் குத்தம் சொல்லல. இங்க வந்து உட்கார்ந்தா, என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலைங்கிறதே நல்லா இருந்துது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல இங்க, வேணும்னா பாரு."

"வேண்டாமத்தை."

"எவ்வளவு நாளா பாக்கறே?"

"ஒரு வாரமா."

அத்தை கூடத்துக்குள் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தார்.

"அப்போ ஒரு வாரமா நான் இங்க தனியா இல்ல" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைத் திருத்திக்கொள்வதுபோலச் சொன்னார். துருவிக்கு, அந்த வாரம் முழுவதும் இந்த நாற்காலிக்குப் பின்னால் தானும் நின்றிருந்ததாகத் தோன்றியது. அடுத்தவர் பொருள் எதையும் அவள் எடுத்ததில்லை. இப்போது எடுத்திருக்கிறாள், திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

"உனக்கு மட்டும்தான் தெரியுமா?"

"இப்போதைக்கு. ஆனா யாரு வேணும்னாலும் பார்க்கலாம். எல்லா வீட்டையும்."

"ரெண்டாவது மாடிப் பொண்ணுங்க வீட்டையுமா?"

"ஆமா."

"அப்புறம் இன்னும் ஏன் சொல்லாம இருக்கே?"

"சொன்னா நான் எதைப் பார்த்தேன்னும் எழுதணும். எழுதினா செயலாளர் இந்த வீட்டுப் பதிவை எடுப்பார். வீட்டுக்காரருக்குச் சொல்லுவார். அனுமதி போயிடும். அதை மட்டும் எழுதாம விடலாம். ஆனா நான் பார்த்ததும் கம்பெனியில பதிவாகியிருக்கும். எப்ப வேணும்னாலும் வெளிய வரலாம். ஒரு வாரம் சொல்லாம இருந்ததுக்கு இதெல்லாம் காரணம் இல்லத்தை. எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இருந்துது, அவ்வளவுதான். இப்போதான் இதெல்லாம் யோசிக்கிறேன்."

அத்தை கொண்டையை முடிந்துகொண்டார். முடிந்துகொண்டே போய், நாற்காலியைப் பழைய இடத்துக்குத் திருப்பிப் போட்டு, மேலே துணியை விரித்தார். சுருக்கத்தை நீவிவிட்டார். எந்த அவசரமும் இல்லை.

"எழுது" என்றார். "இன்னைக்கே எழுது. அந்தப் பொண்ணுங்க தனியா வர்றதுங்க."

துருவி எழுதினாள். செயலாளருக்கும் கம்பெனிக்கும். ஓட்டை எங்கே என்று நான்கு வரி. பிறகு வெகுநேரம் யோசித்து இன்னும் இரண்டு வரி: நானூற்றிரண்டாம் எண்ணின் பதிவை நான் பார்த்தேன். ஓட்டை இருப்பதை உறுதி செய்ய ஒரு முறை பார்த்ததே போதும், அதன் பிறகு பார்த்ததற்கு எந்த அவசியமும் இல்லை.

செயலாளர் அன்று மாலையே வந்துவிட்டார். ஓட்டையைவிட, ஓட்டையைப் பார்த்தவள்மேல்தான் அவருக்குக் கோபம்.

"நல்லா இருந்த பூட்டை எதுக்கும்மா நோண்டினீங்க?" என்றார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னடான்னா தினமும் நானூத்திரெண்டைத் திறந்திருக்கீங்க. வாரம் ஒரு தடவைன்னுதானே பேச்சு?"

மாமா ஒன்றும் புரியாமல் வாயைத் திறந்தார். அத்தையைப் பார்த்தார். அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"குழாய்ல அழுத்தம் கம்மி" என்றார் மாமா, சிரிக்காமல். "தினமும் திறந்தாத்தான் சரிப்படும்."

கம்பெனி இரண்டொரு நாளில் ஓட்டையை அடைத்தது. உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு என்று எல்லோருக்கும் ஒரு செய்தியும் அனுப்பியது. நர்சிங் படிக்கும் பெண்களுக்கு எதுவும் தெரியாது, மாடிப்படியில் பார்த்தால் வழக்கம்போல் சிரித்தார்கள். வெளிநாட்டிலிருந்த வீட்டுக்காரர் மிக மரியாதையாக நன்றி சொல்லி, மாமாவின் கைபேசிக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். குழாய் திறக்கும் வேலை காவலாளிக்குப் போனது.

வகுப்பில் துருவி எழுந்து தன் கதையைச் சொன்னாள். காலி வீடு தினமும் திறந்தது என்ற இடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"உள்ள யாரு இருந்தாங்க?" என்றார் மெக்கானிக்.

"அதைச் சொல்றதுக்கு எனக்கு உரிமையில்லைங்க."

"அடப் போங்கம்மா, முக்கியமான இடத்துல நிறுத்திட்டீங்களே."

ஆசிரியைக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். அது அவள் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை.

வீட்டில் அத்தை சில நாள் மூன்று மணிக்கு அறைக்குள் போய்ப் படுத்துப் பார்த்தார். சரிப்படவில்லை. டிவியின் ஒலியைக் குறைக்கச் சொல்லலாம், சொன்னால் குறைப்பார்கள், குறைத்துவிட்டு, போதுமா, இன்னும் குறைக்கவா என்று கேட்பார்கள். ஒரு திங்கட்கிழமை மூன்று மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வர்றேன்" என்று கிளம்பினார். மறுநாளும் போனார். மாமா போன திசையில் இல்லை.

துருவியின் கணவனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அம்மாவின் பட்டன் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு, நல்லதாக ஒரு கைபேசி வாங்கி வந்தான்.

"அம்மா எங்க இருக்காங்கன்னு நம்ம போன்ல தெரியற மாதிரி பண்ணிடு துருவி. வயசாகுது, எங்கயாவது விழுந்து வெச்சா? உனக்குத்தான் இதெல்லாம் தண்ணி பட்ட பாடாச்சே."

"அத்தையைக் கேட்டுட்டுப் பண்றேன்."

"அவங்களைக் கேட்டா வேண்டாம்பாங்க."

"அப்போ வேண்டாம்."

அவன் அவளை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போனான். அவள் உட்கார்ந்து, இருக்குமிடத்தைச் சொல்லும் வசதிகளை ஒவ்வொன்றாகத் தேடி அணைத்தாள். தேடத் தேட இன்னொன்று இருந்தது. இதில் ஒன்றை அடுத்தவர் போனில் அவருக்குத் தெரியாமல் எப்படி விட்டுவைப்பது என்றும் அவளுக்குத் தெரியும். விரல் நுனியில் அந்தப் பழைய அரிப்பு வந்து நின்றது. கடைசி ஒன்றையும் அணைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு அத்தை செருப்பை மாட்டும்போது கைபேசியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இது நான் எங்க இருக்கேன்னு சொல்லுமா?" என்றார் அத்தை.

"சொல்லாது."

"யாருக்கும்?"

"யாருக்கும். எல்லாத்தையும் நிறுத்திட்டேன்."

அத்தை அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பவேண்டும் என்று விரும்புகிறவர் பார்ப்பதுபோல்தான் பார்த்தார். பிறகு கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு கிளம்பிப் போனார்.

துருவி தன் அறைக்குப் போகவில்லை. பால்கனிக்கும் போகவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அத்தை இடப்பக்கம் திரும்பினாரா, வலப்பக்கமா என்று பார்க்க எழுந்துவிடாமல் இருக்கப் பெரும்பாடாக இருந்தது. பூங்காவா, நூலகமா, யாராவது பழைய சினேகிதியா, இல்லை ஏதாவது பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புகிறாரா? பேருந்தாக இருக்கலாம். ஜன்னலோரம். அந்த யோசனையையும் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவதுபோல் நிறுத்தினாள்.

மேசைமேல் புதுக் கைபேசி அடித்தது. கணவன்.

"அம்மா எங்க?"

"வெளிய போயிருக்காங்க."

"எங்கன்னு கேக்கறேன்."

"தெரியாதுங்க."

பதினைந்து வருஷத்தில் அவன் அவளிடமிருந்து கேட்டிராத வார்த்தை அது.

"உனக்கா தெரியாது?"

"ஆமா," என்றாள் துருவி, "எனக்குத் தெரியாது."